லேப்டாப்பில்தான் கோளாறு

லேப்டாப்பில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளைப் புதுப்பிக்கும்போது நடுவில் திரை ஒரு தடவை கறுத்துப்போய்த் திரும்ப வரும். எத்தனை முறை செய்திருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயம்தான். திரும்ப வராமலே போய்விட்டால்? அந்த லேப்டாப்பை வைத்துத்தான் சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். இருந்தாலும் அதில் கை வைக்காமல் இருக்க என்னால் முடியாது. சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் பிடித்த பைத்தியம் அது. அறைத் தோழிகள் சுடிதாருக்குப் பொருத்தமாக வளையல் தேடிய நேரத்தில், நான் கேம் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நான் மாமா என்று கூப்பிடுவது என் வீட்டுக்காரரை. அத்தை மகன்தான். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. கொஞ்சம் கரும்பு, ஒரு டிராக்டர். சொந்தக் கரும்பையும் அக்கம்பக்கத்தார் கரும்பையும் ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போவதுதான் மாமாவின் வேலை. போன வெட்டுப் பருவத்தில் லோடுக்கு மேலே நின்று கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, மல்லாக்க ரோட்டில் விழுந்தார். பின்மண்டையில் அடி. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பிழைத்து வந்தார், அவ்வளவு போதும். அடுத்த பருவம் வரைக்கும் டிராக்டர் பக்கமே போகக் கூடாது, ஏறுவதற்கு முன்னால் கட்டாயம் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

என் தம்பி டிராக்டரை எடுத்து ஓட்டினான். மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "மச்சான், கிளட்ச்ச அப்படி மெறிக்காத, அது என்னா சைக்கிளா?" என்று வாசலில் நின்று கத்துவார். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன். பொறுக்க முடியாமல்தான் என் லேப்டாப்பில் டிராக்டர் ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். கூடவே ஒரு ஸ்டீயரிங்கும் வாங்கி மேஜையில் மாட்டினேன்.

முதல் நாள் மாமா ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் கேமைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னாடி இது, கூலிக்கு ஒரு ஆளக் காணும், கரும்பு அதுபாட்டுக்கு வெட்டிக்குது? இந்த ஊருக்கே குடிபோயிடலாம் போலருக்கே."

அதிலிருந்து சாயங்காலம் ஆனால் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் சண்டை நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், "ஏய், தோ பாரு, இது ஹேங் ஆவுது" என்று கூப்பிட்டார்.

"எப்படி ஹேங் ஆவுது?"

"ரோட்டுல நேராத்தான் போயிட்டிருந்தேன். அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் பாத்தா வண்டி வயலுக்குள்ள கெடக்குது."

கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். எனக்குத் தெரிந்த வியாதி. படம் கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும், உள்ளே கேம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், படம் திரும்ப வரும்போது வண்டி எங்கேயோ இருக்கும். உட்கார்ந்து பார்த்தேன். கோளாறு நிஜமாகவே இருந்தது. என் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு. ஒன்று சாதாரண வேலைக்கு, இன்னொன்று கேமுக்கு. கேம் தப்பான ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றிவிட்டேன். திரையின் மூலையில் ஒரு எண்ணும் அதற்குக் கீழே ஒரு கோடும் தெரிகிற மாதிரி வைத்தேன். ஒரு நொடியில் எத்தனை படம் மாறுகிறது என்று அந்த எண் சொல்லும். அறுபதில் நின்றால் நல்லது. படம் திக்கினால் எண் இறங்கும், கோடு சட்டென்று எகிறும். இதையெல்லாம் மாமாவுக்கும் விளக்கினேன். "சரிங்க டீச்சர்" என்றார்.

"இப்ப எப்படி மாமா?"

"வெண்ணெ மாதிரி போவுது."

அந்த வாரமே மறுபடியும் ஹேங் ஆவுது என்றார். எனக்குக் கோபம் வந்தது. "நெஜ டிராக்டர் மாதிரி அத முறுக்காதீங்க மாமா, பிளாஸ்டிக்கு" என்று கத்தினேன். நான் பார்க்கும்போது படம் ஒழுங்காக ஓடும். நான் அடுப்படிக்குப் போனால் ஹேங் ஆகிவிடும். விண்டோஸ் எனக்குத் தெரியாமல் பழைய டிரைவர் ஒன்றைப் போட்டு வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். அதுதான் சங்கதி என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருந்த டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். திரை கறுத்தது. வழக்கத்தைவிட ஜாஸ்தி நேரம் கறுப்பாகவே இருந்தது. பக்கத்தில் மாமா நின்றிருந்தார்.

"வந்துடுமா?" என்றார்.

"வந்துடும்."

"வரலன்னா?"

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க மாமா."

வந்தது. இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

நாலைந்து நாள் நன்றாக ஓடியது. பிறகு அதே பேச்சு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலூர் வந்து, அங்கே பஸ் மாறி, சிதம்பரத்தில் அதை வாங்கிய கடைக்கே போய்க் காட்டினேன். கடைக்காரர் பின்பக்கத்தைத் திறந்து, காற்றாடிக்குள் அடைந்திருந்த தூசியையெல்லாம் ஊதினார். "என்னாக்கா, கரும்புக் கொல்லையில வச்சா விளையாடுறீங்க?" என்று கேலி செய்தார். பெரிய சோதனை ஒன்றை ஓட்டிவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஒண்ணும் கொறையில்லக்கா. சூடும் ஏறல. கோடு பாருங்க, ஸ்கேல் வச்சு போட்டா மாதிரி போவுது."

"எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஹேங் ஆவுதுங்க."

"அப்படி எப்படிக்கா, ஒருத்தருக்கு மட்டும் ஆவும்?"

எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். தொழில் தெரியாதவன் என்று மனசுக்குள் திட்டினேன். கோளாறு இல்லை என்று சொன்னதற்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். யோசனை போன இடம் எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மாமா பூரித்துப்போய் நிற்கிறார். ஆலையிலிருந்து எங்கள் கரும்பை வெட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் லோடு.

"நான்தான் ஏறுறேன்" என்றார். "மச்சான் கூட வரட்டும், ஓட்டறது நானு."

"டாக்டருகிட்ட காட்டணும்ல?"

"காட்டிக்கலாம். எனக்கு என்னா கொற? சோறு தின்னுறேன், தூங்குறேன். கேம்ல ரிவர்ஸ் எடுக்கறத நீயே பாக்கற இல்ல?"

லோடு ஏற்றின டிராக்டர் பண்ருட்டி ரோட்டில்தான் போக வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்த ரோடு முழுக்க சைக்கிள். பெண் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகப் பேசிக்கொண்டே வருவார்கள். எனக்கு அந்தச் சைக்கிள்கள்தான் கண்ணுக்குள் வந்தன. ஏன் வருகிறது என்று என்னையே அதட்டிக்கொண்டேன். லேப்டாப்பில்தான் கோளாறு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் இந்தப் பயமும் போய்விடும் என்று நினைத்தேன்.

கேம் ஓடும்போது திரையில் நடப்பது எல்லாம் பதிவாகிற மாதிரி வைத்தேன். மைக்கும் திறந்திருந்தது. எந்த இடத்தில் எண் இறங்குகிறது என்று பிடித்துவிட்டால் மேற்கொண்டு என் பாடு. மாமா விளையாடி முடித்துக் கடைப்பக்கம் போனதும் ஓட்டிப் பார்த்தேன்.

எண் அறுபதை விட்டு அசையவில்லை. கோடு நேராகப் போனது. டிராக்டர் மட்டும் மெதுவாக இடது பக்கம் ஒதுங்கியது. ரோட்டை விட்டு இறங்கியது. வேலியை உடைத்துக்கொண்டு வயலுக்குள் போய், ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு உறுமியது. பிரேக் விழவில்லை. ஸ்டீயரிங் திரும்பவில்லை. மைக்கில் பேச்சு எதுவும் இல்லை. எதையோ மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மாமாவின் குரல்: "தோ, மறுபடியும் ஹேங் ஆயிடுச்சு."

அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டீயரிங்கின் ஒயரைக் கழற்றித் திரும்பச் செருகினேன். அதற்கென்று இருக்கிற மென்பொருளையும் புதுப்பித்தேன். ஸ்டீயரிங்கில்தான் கோளாறு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் டீ போட்டு எடுத்துக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். இத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்த போதெல்லாம் நான் திரையைத்தான் பார்த்திருந்தேன். மூலையில் இருக்கிற எண்ணைத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னாத்துக்குடி என் மூஞ்சியப் பாக்குற? புது மாப்பிள்ளையா நானு?"

"ஆமா, ரொம்பத்தான். ஓட்டுங்க."

சிரித்துக்கொண்டே ஓட்டினார். தம்பி டயருக்குக் காற்று பிடிக்காததைப் பற்றிக் குறை சொன்னார். ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் பேச்சு பாதியில் நின்றது. கண் திறந்திருந்தது. திரையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாய் சும்மா மென்றுகொண்டிருந்தது. வலது கை ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தது. இடது கை ஸ்டீயரிங்கில் சும்மா கிடந்தது.

"மாமா" என்றேன். "மாமா, என்னா பண்ணுது?"

டீ என் மடியில் கொட்டியும் சுடுவது தெரியவில்லை. திரையில் படம் அவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. டிராக்டர் தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கூட நான் அப்படிப் பயப்படவில்லை. அங்கே அவர் கண்ணை மூடிக் கிடந்தார். இங்கே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளில்லாமல் போயிருந்தார்.

பிறகு கண்ணைச் சிமிட்டினார். திரையைப் பார்த்தார். எரிச்சலோடு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? நீ பக்கத்துல இருக்கும்போதே ஹேங் ஆயிடுச்சு. என்னாத்தத்தான் சரி பண்ணுன நீ?"

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டென்று வாய் கொடுக்கிறவள் என்று ஊரில் பேர் எனக்கு. அன்றைக்கு என் வாயை நான் நம்பவில்லை. கேமை மூடிவிட்டு முந்தின நாள் பதிவைப் போட்டேன். மாமா பார்த்தார். டிராக்டர் ஒதுங்கியது, வேலி உடைந்தது, மரத்தில் முட்டியது.

"இன்னொரு வாட்டி போடு" என்றார்.

போட்டேன். இந்தத் தடவை மூலையில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். கடைசி வரைக்கும் எடுக்கவில்லை.

"இது மாறவே இல்லியே."

"இல்ல மாமா."

"கோடும் நேராத்தான் போவுது."

"ஆமா."

"எதுக்க யாராச்சும் வந்தாங்களா?"

"கேம்லயா?"

"ம்."

"இல்ல மாமா. ரோடு காலியாத்தான் இருந்துச்சு."

தெருவில் யாரோ கரும்பு வெட்டக் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. மாமா லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு வாட்டி அப்டேட் பண்ணிப் பாரேன்."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திறந்தேன். புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடச் சொன்னேன். அது தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருப்பதே கடைசி, இதற்கு மேல் எதுவும் இல்லை என்று வந்தது.

"சிதம்பரத்துல நரம்பு டாக்டரு இருக்காரு மாமா" என்றேன். "திங்கக்கிழமையே போயிடலாம். இந்தப் பதிவயும் காட்டலாம்."

மாமா போனை எடுத்து என் தம்பியைக் கூப்பிட்டார்.

"மச்சான், திங்கக்கிழம லோட நீயே எடுத்துக்க... ஒண்ணும் இல்லப்பா. உங்கக்கா லேப்டாப்பு மக்கர் பண்ணுது, சிதம்பரத்துல காட்டணுமாம். நானும் கூடப் போறேன். ஆங், பாத்து ஓட்டு. பள்ளிக்கூடம் விடுற நேரத்துல ரோட்டுல ஏறாத."

போனை வைத்தவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன்.

"லேப்டாப்பு இல்லாதப்பவும் ஆவுதுடி" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.