படம் துடித்தது என் இன்ஜினால் இல்லை

பொய் சொன்னது நீதான், கேமராக்காரா. உன் கேமராவும் அந்தக் குழல் விளக்குகளும் ஒத்துப்போகாததால்தான் படம் துடித்தது. அது உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் என் பெயரைச் சொன்னாய்.

அது மலாயாவின் அவசரகாலம், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட காலம். ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் இன்ஜின் ஓட்டினேன். பால் ஸ்டோருக்கு, அதாவது ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டும் கொட்டகைக்கு, என் இன்ஜினிலிருந்துதான் கரண்ட் போகும். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி. வெளியே போனாலும் சோதனை, உள்ளே வந்தாலும் சோதனை. நம்மைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு முகாம், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல். நம் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

தோட்டத்து ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று காட்டப் படம் எடுக்க நீ கோலாலம்பூரிலிருந்து வந்தாய். உன் பெரிய விளக்குகளைப் போட்டதும் என் இன்ஜின் திணறியது. அவற்றை அணைத்துவிட்டு, மேலே இருக்கும் டியூப் லைட்டே போதும் என்றாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"வேணாங்க. அந்த லைட்டு அடியில மிஷின் சக்கரம் சுத்தறதப் பாத்திருக்கேன். சுத்துற சக்கரம் நிக்கிற மாதிரி தெரியும். லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுதுங்க, நம்ம கண்ணுக்குத்தான் தெரியல."

"ஓஹோ! இன்ஜின்காரருக்குப் படம் புடிக்கவும் தெரியுமோ?"

தகடு உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"அந்தத் தகரக் கதவத் தொறங்க. வெயில் கொட்டுது. அதுல எடுங்க."

"தொறந்தா முள்கம்பி தெரியும் லா. மணல் மூட்டை தெரியும். அதெல்லாம் படத்துல எதுக்கு? மூடுய்யா கதவ!"

மூடினேன். நீ எடுத்துக்கொண்டு போனாய்.

சில வாரம் கழித்துப் படச்சுருளோடு வந்து, துரை பங்களாவில் துரைக்கும் போலீஸ் அதிகாரிக்கும் போட்டுக் காட்டினாய். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியும் அங்கே இருந்தார். சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக இன்ஜின் கொட்டகைக்கு வந்தார்.

"யோவ், படத்துல வெளிச்சம் மூச்சு வாங்குற மாதிரி ஏறி எறங்குதுய்யா. பொம்பளைங்க மூஞ்சி தெரியுது, மங்குது, தெரியுது, மங்குது. ஏன்னு அதிகாரி கேட்டாரு. நீ வேணும்னே கரண்ட ஆட்டிவிட்டன்னு அந்தக் கேமராக்காரன் சொல்லிட்டான். இவன் காட்டுல இருக்கிறவனுங்களுக்கு வேண்டியவனான்னு அதிகாரி துரையக் கேக்கறாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா, ஐயா?"

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கும் புள்ளைங்க இருக்கு லா."

நான் மூன்று வயதில் கப்பலில் வந்தவன். என் மனைவி இங்கேயே பிறந்தவள். கேட்டதும் அவள் அழவில்லை. "நாகப்பட்டினத்துல எறங்கினா நம்மளக் கூப்புட யாரு வருவா?" என்றாள். அவளிடம் எரிந்து விழுந்தேன்.

மூன்று நாள் எந்த லாரி சத்தம் கேட்டாலும் கை வேலையை விட்டுவிடும். நிரம்பியிருந்த எண்ணெய்த் தொட்டியில் மறுபடி எண்ணெய் ஊற்றித் தரையெல்லாம் வழியவிட்டேன்.

நான்காம் நாள் காலை அதிகாரி துப்பாக்கிக்காரர்களோடு வந்தார். துரையும் நீயும் கூடவே வந்தீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல் என்றார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. கிராணியின் சைக்கிளைக் கேட்டு வாங்கி, இன்ஜின் கொட்டகையில் குண்டு பல்புக்கு அடியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பின்சக்கரத்தைச் சுற்றினேன். கம்பிகள் ஒன்றாகக் கலந்து புகைபோலத் தெரிந்தன. பிறகு அதை ஸ்டோருக்குத் தூக்கிப்போய், குழல் விளக்குக்கு அடியில் சுற்றினேன். கம்பிகள் தனித்தனியாக நின்றன. வேகம் குறையக் குறைய அவை பின்பக்கமாக நகர்வதுபோலத் தெரிந்தது.

"ரெண்டுக்கும் ஒரே இன்ஜின், ஒரே கரண்ட்டுதான், துடிக்கிறது அந்த டியூப் லைட்டுதான், சொல்லுங்க ஐயா" என்று கிராணியிடம் சொன்னேன்.

அதிகாரி குனிந்து தானே சுற்றிப் பார்த்தார். திரும்பத் திரும்பச் சுற்றினார். "செயின் அறுந்துடப்போவுது, இத அவருகிட்ட எப்படிய்யா சொல்றது?" என்று கிராணி என் காதில் முனகினார்.

பிறகு அதிகாரி உன் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். நீ விளக்கைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. நீ சொன்னதைக் கிராணி பிறகுதான் எனக்குச் சொன்னார்: "இன்ஜினும் ஒரு காரணமாக இருக்கலாம்."

அன்று என்னை லாரியில் ஏற்றவில்லை. ஆனால் நீ சொன்ன அந்த 'இருக்கலாம்' போதுமானதாக இருந்தது. இன்ஜின் கொட்டகைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். ரந்தாவுக்குப் போகும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் என்னை மட்டும் தனியே நிறுத்தினார்கள். கூட வேலை செய்தவர்களே என்னோடு நின்று பேசப் பயந்தார்கள். அவசரகாலம் முடியும்வரை லாரி சத்தம் கேட்டாலே கத்தியை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்ப்பேன்.

அந்தப் படத்தை மறுபடி எடுக்க நீ திரும்ப வந்தாய். தகரக் கதவைத் திறந்து வைத்து, கம்பி தெரியாதபடி கேமராவைத் தாழ்த்தி, வெயில் வெளிச்சத்திலேயே எடுத்தாய். நான் எதிர்ச் சரிவில் புல் வெட்டிக்கொண்டு அதைப் பார்த்தேன். இந்தத் தடவை படம் துடிக்கவில்லை என்று பிறகு கிராணி சொன்னார்.

இப்போது நீ மேடைகளில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறாயாம். பேசு. அடுத்த மேடையில் இதையும் பேசு. என் இன்ஜின் உன் படத்தைக் கெடுத்ததா, இல்லையா? நாலு பேர் முன்னால், ஒலிபெருக்கியில் சொல். இருக்கலாம் என்று இழுக்காதே. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்.