நான்காவது ரெக்கார்டின் ஆறாவது பாட்டு

லிஃப்ட்காரருக்கு வலது தோள் போய்ப் பத்து வருடமாகிறது. வாரம் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழியில் குனிந்து கிரீஸ் தடவுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையானால் டிரம்ஸ் முன்னால் உட்காருவார். தோள் எப்படித் தேறும்? பாடுகிறவர் அவருடைய அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கிட்டார் இரண்டு, கீபோர்டு ஒன்று. ஐந்து பேருமாகச் சேர்ந்து இருபத்தாறு வருடத்தில் ஐந்து ரெக்கார்டு போட்டார்கள். ஜனங்களுக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்தான்.

அந்த முதல் ரெக்கார்டின் லட்சணத்தைக் கேளுங்கள். பதிவு செய்தது ஒரு கார் ஷெட்டில். லிஃப்ட்காரருக்கு அப்போது பத்தொன்பது வயது, உருப்படியாக வாசிக்கத் தெரியாது. இரண்டாவது பாட்டின் நடுவில் கையிலிருந்து குச்சி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் இரண்டு தட்டு தாளம் காணாமல் போயிற்று. மறுபடி பதிவு செய்ய நேரமில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். வந்தது வினை. "அந்த இடத்துல ஒரு அமைதி வருது பாருங்க, அதுலதான் சார் உயிரே இருக்கு" என்று ரசிகர்கள் உருக ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும், குச்சி கையில் பத்திரமாக இருக்கும்போதே, அந்த இரண்டு தட்டை விட்டுவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொண்டு என்ன பிரயோஜனம்?

நான்காவது ரெக்கார்டு வந்தபோது கை நன்றாகப் படிந்திருந்தது. அதைவிட முக்கியம், அதன் எட்டுப் பாட்டுகளையும் எழுதியது அவர் மனைவி. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வீட்டிலும் துணி தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். பிடித்துவிட்டால் பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக்கொள்வாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ரெக்கார்டு வெளிவந்தது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா முதல் ரெக்கார்டு மாதிரி வரல" என்று சொல்லிவைத்தாற்போல எல்லோரும் சொன்னார்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேரோ, யார் கண்டது. கச்சேரிப் பட்டியலிலிருந்து அவள் பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசிப் பாட்டும் கழன்றபோது அவள் கச்சேரிக்கு வருவதை நிறுத்தினாள். சண்டையெல்லாம் இல்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்றாள், அவ்வளவுதான். அதற்கும் ஆயிற்று பதினோரு வருடம்.

இப்போது அண்ணனுக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. குழுவைக் கலைப்பதென்று முடிவாகிக் கடைசிக் கச்சேரிக்கு நாள் குறித்தார்கள். முதல் ரெக்கார்டு முழுவதும் வரிசையாக, வேறொன்றும் கிடையாது.

லிஃப்ட்காரர் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். "அண்ணா, நாலாவதுல அந்த ஆறாவது பாட்டு. ஒண்ணே ஒண்ணு."

அண்ணன் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கடைசி நாள்ல எதுக்குடா வம்பு? எல்லாரும் எழுந்து டீ குடிக்கப் போயிடுவாங்க."

"போகட்டும்."

"உனக்கென்ன, பின்னால உக்காந்திருப்ப. முன்னால நிக்கிறவன் நான்."

அதற்கு மேல் வாதாட அவருக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஞாயித்துக்கிழமை நீயும் வா, கடைசித் தடவை" என்றார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வந்து? உங்க குச்சி விழுந்த கதைய இன்னொரு தடவை கேக்கவா?" பெட்டியை மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டே, "நான் எழுதினதுல ஒரு வரியாவது யாருக்காவது ஞாபகம் இருக்குமா? சும்மாதான் கேக்குறேன்" என்றாள். சும்மா கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் வந்தாள். மாலை நான்கு மணிக் கச்சேரி. ஆறாவது வரிசை ஓரத்தில், வேலைக்குக் கொண்டுபோகும் அதே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் குழுவில் எந்தப் பாட்டையும் ஆரம்பிப்பது லிஃப்ட்காரர்தான். குச்சியோடு குச்சியை நான்கு தரம் தட்டி முதல் தாளத்தை எடுப்பார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். பட்டியல் எழுதுவது அண்ணனாக இருக்கலாம், பாட்டு கிளம்புவது இவர் கையில். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் அவர் அதை வைத்து விளையாடியதில்லை. அன்றைக்கு ஏழாவது பாட்டு முடிந்ததும் விளையாடினார்.

நான்கு தட்டு. அந்த ஆறாவது பாட்டுக்கே உரிய மெதுவான தாளம். கிட்டார்காரர்கள் திரும்பி முறைத்தார்கள், ஆனால் விரல்கள் பாட்டை மறக்கவில்லை. புது மெட்டாக இருக்கிறதே என்று ஜனங்கள் டீக்கு எழுந்தார்கள். அண்ணன் மட்டும் மைக்கைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார். பதினோரு வருடமாகப் பாடாத பாட்டு, ஒரு வார்த்தை வரவில்லை. பாட வேண்டிய இடமோ வந்துவிட்டது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? முதல் ரெக்கார்டின் முதல் பாட்டிலிருந்து வரிகளை உருவி இந்த மெட்டில் போட்டுப் பாடினார். எழுந்தவர்கள் தெரிந்த வரி காதில் விழுந்ததும் உட்கார்ந்து கை தட்டினார்கள்.

லிஃப்ட்காரர் ஆறாவது வரிசையைப் பார்த்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். உடனே அவர் வாசிப்பதை நிறுத்தினார். டிரம்ஸ் நின்றால் எல்லாம் நிற்கும், நின்றது.

"என்னடா?" என்றார் அண்ணன், திரும்பாமலே.

"நான் சொல்றேண்ணா. நீ பாடு." மறுபடி நான்கு தட்டினார்.

பாடத் தெரியாத மனிதர் அவர். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், தாளத்தை விடாமல், அந்த வரியை உரக்கச் சொன்னார். அண்ணன் அதை வாங்கிப் பாடினார். டிரம்ஸுக்கு வைத்த மைக்கில் அவருடைய கரகரப்பும் மூச்சிரைப்பும் அரங்கம் முழுக்கக் கேட்டன. பாதிப் பேர் நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார்கள். "செருப்பை மாட்டாதே, இன்னும் கொஞ்சம் இரு" என்று அவர் சொன்னபோது மட்டும் அண்ணன் ஒரு கணம் தயங்கிவிட்டு, பிறகு அப்படியே பாடினார். மூன்று சரணம். ஓரிடத்திலும் லிஃப்ட்காரர் தடுமாறவில்லை.

கச்சேரி முடிந்து, மேடைக்குப் பின்னால் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். வலது கையைத் தூக்கவே முடியவில்லை. அவள் வந்து ஸ்டாண்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெக்கார்டுல அந்த வரி அப்படி இல்ல" என்றாள்.

"எந்த வரி?"

"செருப்பு. பாட்டுல போய் செருப்பான்னு உங்க அண்ணன்தான் 'நிலவே மறையாதே'ன்னு மாத்தச் சொன்னாரு. நீங்களும் தலையாட்டினீங்க. இன்னிக்கு நீங்க சொன்னது, நான் துணி தேய்ச்சுக்கிட்டே முதல்முதல்ல சொன்னது."

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். நிலவு எப்போது வந்தது என்றே அவருக்கு நினைவில்லை.

"எனக்கு அதுதான் தெரியும்" என்றார். "அதுதான் நல்லாவும் இருக்கு."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "அப்ப நீங்களும் உங்க ரசிகருங்க கட்சிதானா? முதல்ல வந்ததுதான் ஒசத்தின்னு."