கையில் ஒன்றும் கொடுக்காதீர்கள்

"வலிப்பு வந்து ஒருத்தர் கீழ விழுந்து கெடக்காரு. அவரு கையில என்ன குடுப்பீங்க?"

தாதி கமறியா மிஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

இலங்கை மலையகத்து டிக்கோயாவில் ஒரு மண்டபத்தில் மூளை, நரம்பு நோய்களைப் பற்றிய வகுப்பு அது. ஒரு பக்கம் தாதிப் பயிற்சி மாணவிகள். மறுபக்கம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த சுகாதாரத் தொண்டர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவித்த நானும் தொண்டர்களோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு வலிப்பு வந்தாலும் கையில் இரும்பைத்தான் கொடுப்பார்கள். சாவி, கரண்டி, அரிவாள், எது கிடைக்கிறதோ அது. ஆனால் மிஸ் கேட்ட விதத்தைப் பார்த்தால் அது தப்பு போலிருந்தது. அப்படியானால் எது சரி? வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைய பாடத்துக்காக வலிப்பு நோயுள்ள ஒருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பெயர் யோகேஸ்வரன். அவரைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பப் பயந்து மனைவி வினோதாவும் கூட வந்திருந்தார். இந்தக் கதை வினோதா அக்காவைப் பற்றியது. மிஸ் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குத் தெரியாமல் இருந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. யோகேஸ்வரன் அண்ணன் அப்போது தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலையில் இருந்தார். ஒருநாள் அக்கா மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோன நேரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே அண்ணன் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தார். கூட வேலை செய்தவர்கள் "இரும்பக் குடு, இரும்பக் குடு" என்று கத்தினார்கள். பக்கத்தில் கிடந்தது அவருடைய கவ்வாத்துக் கத்திதான். அதன் பிடி மரம். மரம் உதவாது, இரும்புதான் படவேண்டும் என்று அக்கா நினைத்தார். வெட்டும் பக்கத்தை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, நழுவிவிடாமல் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இழுப்பு நிற்கும்வரை விடவில்லை.

நரம்பு வெட்டுப்பட்டுவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அண்ணனின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "விழும்போது கத்தி மேல விழுந்துட்டேன்" என்றார். மலையில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

"திட்டியிருந்தாக்கூட அழுது தீத்திருப்பேன்" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். அண்ணன் கேட்காமலே அக்கா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார், ரொட்டியைப் பிய்த்து வைப்பார். அண்ணனுக்கு அது பிடிக்காது. "ரெண்டு வெரலுதான்டி மடங்கல. நாக்கு நல்லாத்தான் இருக்கு, சம்பல்ல உப்பில்ல" என்பார். அக்கா சிரிக்கமாட்டார்.

வகுப்பிலும் கமறியா மிஸ் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கத்தி மேல விழுந்துட்டேன் மிஸ்" என்றார் அண்ணன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இப்ப செஞ்சு பாப்போம். வீட்டுல இருக்கிறவங்கதானே மொதல்ல பாக்கணும்" என்று சொல்லி மிஸ் அக்காவை முன்னால் அழைத்தார். என்னைப் பாயில் படுத்து வலிப்பு வந்ததுபோல் நடிக்கச் சொன்னார். நான் கைகாலை உதறினேன். "பாட்டுப் போட்டா இன்னும் நல்லா ஆடுவா" என்று ஒரு மாணவி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா என் பக்கத்தில் மண்டியிட்டார். அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. பிள்ளை மடுவத்துச் சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாவி குத்தியது. நடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அதான், அப்படித்தான் செய்யணும்" என்றார் எங்கள் வரிசையில் இருந்த ஆண்டியப்பன்.

அக்கா தன் கைகளைப் பார்த்தார். பிறகு சாவியைப் பிடுங்கித் தூர வீசினார்.

"செய்யக்கூடாதுண்ணே! நான் அப்படிச் செஞ்சுதான் இவரு கை போச்சு!"

"வினோ, வேணாம். விடு" என்று அண்ணன் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. இவங்கெல்லாம் நாளைக்கு லயத்துல போயி இதைத்தானே செய்வாங்க?"

மலையில் நடந்த எல்லாவற்றையும் சொன்னார். ஆண்டியப்பன் குனிந்து சாவிக்கொத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கமறியா மிஸ் அக்காவைக் குறை சொல்லவில்லை. வலிப்பு மூளைக்குள் மின்சாரம் தாறுமாறாகப் பாய்வதால் வருவது என்றார். "இரும்பால அது நிக்காது. பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். நீங்க கத்தியக் குடுக்காட்டியும் நின்னிருக்கும்மா."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் அக்கா அழுதார். கை போனாலும் இழுப்பு நின்றதே என்று அதுவரை அவருக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கிறது. அதுவும் போய்விட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ படுங்க தங்கச்சி" என்றார். மிஸ் சொல்லச் சொல்லச் செய்தார். நாற்காலிகளைத் தள்ளினார். தன் ஸ்வெட்டரை மடித்து என் தலைக்குக் கீழே வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கைகாலைப் பிடிக்கவில்லை, வாயில் எதையும் வைக்கவில்லை. நான் உதறுவதை நிறுத்தியதும் மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று மிஸ் சொன்னதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா கேட்டார், "கோவமா?"

"ஊரு முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்ட. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல எல்லாரும் சிரிக்கப் போறானுக" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, மடங்காத விரல்களுள்ள கையாலேயே அக்காவின் பையை வாங்கிக்கொண்டார். அக்கா மறுக்காமல் கொடுத்தார்.

இப்போது அந்த வகுப்பு எப்போது நடந்தாலும் அக்கா வந்து இதைச் சொல்கிறார். "சொன்னா மனசு பாரம் கொறையும்னு நெனச்சேன் தங்கச்சி. கொறையல. ஆனா இன்னொரு கை போகாதில்ல?" என்றார். இதை எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, "பேரோட எழுதுங்க. பேரு இல்லாட்டி கட்டுக்கதைன்னுருவாங்க" என்றார்.

மிஸ் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். கையில் ஒன்றும் கொடுக்காதீர்கள். இதைப் படித்தவர்கள் தயவுசெய்து பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மலைக்குக் கத்தியோடு போகிறவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.