அண்ணியின் ஒரே அத்தியாய ஆங்கிலம்

எங்கள் அண்ணிக்கு ஆங்கிலம் தெரியும். ஒரே ஒரு அத்தியாயம் மட்டும். பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் என் அண்ணன், விற்காது என்று வீட்டுக்குக் கொண்டுவந்த ஆங்கிலப் பேச்சுப் புத்தகத்தில் முன்னும் பின்னும் கிழிந்துபோய், எதிலாவது கலந்துகொள்ளும்போது பேச வேண்டிய பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட அண்ணி அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். 'தண்ணீர் கொடுங்கள்' என்று கேட்கத் தெரியாது. ஆனால் 'டேக் பார்ட்', 'சைன் மீ அப்', 'கெட் இன்வால்வ்ட்' என்று, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதைப் பதினாறு விதமாகச் சொல்வாள். அண்ணன் கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டினால் போதும், அடுப்படியிலிருந்து "கவுன்ட் மீ இன்!" என்று குரல் வரும்.

நானும் அண்ணியும் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர்கள் ஏழு பேர். எங்கள் அறையின் ஆவியை வெளியே தள்ளும் ஃபேன் எரிந்துபோய் நாலு மாதம். நான் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டேன். மூன்றாவது முறை விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மேனேஜரிடம் முறையிடலாம் என்றால், அவர் புதிதாக வந்தவர், ஆங்கிலம் தவிர வேறெதுவும் பேசி நாங்கள் கேட்டதில்லை. சூப்பர்வைசர் வாய்வழியாகப் போனால் எங்கள் புகார் பாராட்டாக மாறிவிடும்.

"பயப்படாதடி. மாசக் கூட்டத்துல நான் பேசுறேன்" என்றாள் அண்ணி.

கூட்டத்தில் மேனேஜர் ஏதோ கேட்டார். அண்ணி துள்ளி எழுந்து, "ஐ வான்ட் டு டேக் பார்ட்!" என்றாள். அவர் முகம் மலர்ந்து குறித்துக்கொண்டார். அடுத்த கேள்விக்கு "சைன் மீ அப்!" பத்தே நிமிஷத்தில் அண்ணி தீயணைப்புக் குழுவிலும் கயிறிழுக்கும் போட்டியிலும் ரத்ததானத்திலும் சேர்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஃபேன் பேச்சே வரவில்லையே என்ற கவலை ஒரு பக்கம்.

"அண்ணி, ஃபேனைச் சொல்லுங்க!" என்று முந்தானையை இழுத்தேன்.

"சார், ஃபேன்..." என்று அண்ணி மேலே கை காட்டினாள். மேனேஜர் நிமிர்ந்து, கூட்ட அறையில் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்து, "குட், குட்!" என்றார்.

அண்ணிக்கு வந்ததே கோபம்! "ஜாயின் அஸ், சார்!" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரும் பின்னால் வந்தார். இஸ்திரி அறையில் அவர் கையில் இஸ்திரிப் பெட்டியைத் திணித்து, மேஜைமேல் ஈர விரிப்பைப் போட்டாள்.

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். முதல் விரிப்பில் மேனேஜர் சிரித்தார். இரண்டாவதில் கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாவதில் டையைக் கழற்றினார். நாலாவதில் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ, மூச்சே விட முடியலையேம்மா!" என்றார், தமிழில்.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றாள் அண்ணி.

"நல்லாத் தெரியும்மா. சூப்பர்வைசர் குறுக்கே நின்னு இங்கிலீஷ்லயே பேசிக்கிட்டிருந்தார், இங்க எல்லாருக்கும் அதுதான் பழக்கம்னு நினைச்சு நானும் பேசினேன். மூணு மாசமா நீங்க யாரும் என்னை எதுக்கும் கூப்பிடவே இல்லையே?"

எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

எரிந்துபோன ஃபேனை நிமிர்ந்து பார்த்து, "எத்தனை ஃபேன் வேணும்?" என்றார்.

எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காத நான், "ரெண்டு சார்!" என்று கத்தினேன்.

இரண்டும் மறுநாள் மத்தியானமே வந்து மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டதும் நாங்கள் ஆறு பேரும் அண்ணியை அலாக்காகத் தூக்கிக்கொண்டு அறையை மூன்று சுற்றுச் சுற்றினோம்.