பல்லுக்கொழுக்கட்டைத் தட்டில் நான் எடுத்தது

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் தங்கச்சியின் பிளாட்டுக்குப் போயிருந்தேன். லிஃப்ட் கதவு திறந்ததுமே வறுத்த பயறும் சர்க்கரையும் அவியும் வாசம். அவளுடைய மகளுக்குக் கீழ் முரசில் இரண்டு பல் எட்டிப் பார்த்துவிட்டன, அதற்காகப் பல்லுக்கொழுக்கட்டை. இந்த வாசத்தை எங்கே முகர்ந்தாலும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். எங்கள் குடும்பத்தில் பல்லுக்கொழுக்கட்டை என்றால் கதாநாயகன் நான்தான்.

உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இருக்கிறதோ தெரியாது, சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததும் பாயில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணி போட்டு, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளை அதன்மேல் கொட்டுவார்கள். கொழுக்கட்டையிலே தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல வெட்டிக் குத்தியிருக்கும். பிறகு ஒரு தட்டில் புத்தகம், பேனை, சங்கிலி, கத்தரிக்கோல், சீப்பு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பரப்பிப் பிள்ளைக்கு முன்னால் வைப்பார்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். நான் எடுத்தது ஸ்டெதஸ்கோப்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. அடுத்த ஒழுங்கையிலிருந்த டொக்டரிடம் அரை நாளுக்கு அந்தச் சாமானை இரவல் வாங்கி வந்தாராம். இந்தக் கதையை அம்மா ஒருநாளும் தட்டிலிருந்து தொடங்குவதில்லை, பிள்ளைப்பெறு வாட்டிலிருந்துதான் தொடங்குவா. விடியத் தொடங்கிய நோவு பொழுதுபட்டும் அடங்கவில்லை. பிறந்ததும் நான் அழவில்லை. நேர்ஸ் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்ததாம்.

"கழுத்து நிக்கப் பிந்தினவன், உடம்பு பிரட்டப் பிந்தினவன், எல்லாத்திலயும் பிந்தினவன். பல்லு மட்டும் முந்தி வந்திட்டுது" என்பா அம்மா. அடுத்ததாகக் கதையின் உச்சம். தட்டை வைத்த உடனேயே நான் ஸ்டெதஸ்கோப்பை எட்டிப் பிடித்தேன். திருப்பி வாங்கப் பார்த்தபோது விடமாட்டேனென்று கொட்டாஞ்சேனையே கேட்கும்படி அழுதேன். சொல்லி முடிய அம்மா என் தலையைத் தடவுவா. எனக்கும் பெருமை பொங்கும். அந்தப் பெருமையோடு எத்தனை கலியாண வீடுகளில், எத்தனை பந்திகளில் இருந்திருப்பேன்!

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்தது புவியியல். படவேலை என்றால் சோறு தண்ணி வேண்டாம். களனி ஆற்றை மலையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் நீலப் பென்சிலால், பார்க்காமல், ஒரே இழுப்பில் கீறுவேன். நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறிய பிறகும் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், ஒழுங்கைகளை எண்ணி வந்து வரைபடம் போட்ட பைத்தியம் நான். ஏ.எல். உயர்தர வகுப்புக்கு ஆர்ட்ஸ் எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"நாங்கள் உனக்கு ஒண்டும் திணிக்கேல்லைத் தம்பி. நீயாத்தானே அதை எடுத்தனி."

பயோ படித்தேன். தவளையை வெட்டினேன், கரப்பானை வெட்டினேன், வெட்டிய கையோடு வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாமல் இருந்தேன். காலி வீதியில் இருந்த ரியூட்டரி வகுப்புகளில் நான் உட்காராத வாங்கு கிடையாது. முதல்தரம் சோதனையில் சறுக்கினேன். இரண்டாந்தரமும் சறுக்கினேன். மூன்றாந்தரம் ரிசல்ட்ஸ் வந்தபோது அப்பா ஜன்னலடியில் நின்றபடி, "நீயே எடுத்ததை நீயே விட்டிட்டாய்" என்றார். ஏச்சென்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். கடவுள் கையில் வைத்ததைக் கீழே போட்டு உடைத்தவன் நான் என்ற எண்ணம்தான் கனகாலம் என்னைத் தின்றது.

கடைசியில் மெடிக்கல் ரெப் ஆனேன். மருந்துக் கம்பனிப் பையைத் தூக்கிக்கொண்டு டொக்டர்மாரின் அறை வாசலில் காத்துக்கிடக்கும் வேலை. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே மேசையில் அது சுருண்டு கிடப்பது தெரியும். கல்கிசையில் இருந்து வத்தளை வரைக்கும் நான் காத்திருக்காத வாசல் இல்லை. எப்படியோ ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று எனக்கு நானே பகிடி விட்டுக்கொள்வேன். சில நாட்களில் சிரிப்பும் வரும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மருமகள் பாயில் இருந்தாள். தலையில் கொழுக்கட்டை விழுந்ததும் திகைத்து, பிறகு மடியில் விழுந்த ஒன்றை எடுத்துச் சப்பத் தொடங்கினாள். அந்த வயதில் பிள்ளை ஒரு கையிலிருந்து மறுகைக்குச் சாமானை மாற்றும், பளபளப்பதைப் பிடிக்கும், பிடித்ததை வாய்க்குக் கொண்டுபோகும். மருந்து விற்கப் போன இடத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். தட்டு வந்தது, அதில் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் இருந்தது. அவள் நேரே ஒரு எவர்சில்வர் கரண்டியைப் பிடித்தாள். பாயோரம் இருந்த அம்மாவின் கை அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை. கரண்டி பாய்க்குக் கீழே போனது, ஸ்டெதஸ்கோப் பிள்ளையின் உள்ளங்கைக்குள் வந்தது. போன்களைப் பிடித்து நின்றவர்கள் "டொக்டர்! டொக்டர்!" என்று கை தட்டினார்கள்.

நான் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்துவிட்டது. "என்னம்மா கள்ளவேலை?" என்று காதுக்குள் கேட்டுச் சிரித்தேன்.

"சத்தம் போடாதையடா. உனக்கும் இப்பிடித்தான் செய்தது."

குசினிக்குள் போய் அம்மா அயலவர்களுக்குக் கொடுக்கக் கொழுக்கட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினா. நான் பின்னால் போனேன்.

"எனக்கு என்ன செய்தனீங்கள்?"

"நீ எங்க அதைப் பிடிச்சனி? திரும்பியும் பாக்கேல்லை. வேற என்னத்தையோ எடுத்தனி. அப்பா அதைப் பறிச்சுப்போட்டு, உன்ர கையைப் பிடிச்சு ஸ்டெதஸ்கோப்பில வைச்சவர்."

"அப்ப நான் விடமாட்டனெண்டு அழுதது?"

"கையைப் பிடிச்சு அமத்தினாப் பிள்ளை அழாதோ?"

அடுப்பில் இன்னொரு ஈடு வெந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். அம்மா கை நிறுத்தாமல் சொன்னா. "நீ எல்லாத்திலயும் பிந்தினனி. பிள்ளை மந்தமாம் எண்டு சொந்தக்காரர் கதைச்சவை. அப்பாவுக்குப் பொறுக்கேல்லை. அண்டைக்கு அவையள் எல்லாரும் வந்து நிண்டவை. இப்ப என்ன, அது ஒரு பகிடிதானே."

பகிடி. மூன்று தரம் சோதனை எழுதியதும், நீலப் பென்சிலைத் தூக்கி எறிந்ததும், நானே எடுத்ததை நானே விட்டேன் என்று தலை குனிந்து திரிந்த அத்தனை வருடங்களும். அப்பாவின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. சொந்தக்காரரின் வாயை மூட அன்றைக்கு ஒரு பொய் தேவைப்பட்டது, சரி. அதே பொய்யைப் பதினாறு வயதில் என் வாயை மூடவும் எடுத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானாக எடுத்தேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போது அவருக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் தெரியும்.

"சரி, நான் முதல்ல என்னத்தை எடுத்தனான்?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தா. உண்மையாகவே யோசித்தா. "ஞாபகம் இல்லையடா. அண்டைக்கு ஆர் அதைப் பாத்தது?" என்றா. பிறகு பெட்டியை மூடிக்கொண்டே, "பிள்ளை வளந்தாப் பிறகு நீ ஒண்டும் உளறிப்போடாதை" என்றா. அவள் வளர்ந்து கேட்டால், கரண்டி என்றுதான் சொல்லப்போகிறேன்.

எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டை இடித்து நாலு மாடிக் கடையாக்கிவிட்டார்கள். அன்று வந்து நின்ற சொந்தக்காரர் பாதிப்பேர் செத்துப்போனார்கள், மீதிப்பேர் கனடாவில் யார் வீட்டு மாடியிலோ. என் கையிலிருந்து பறித்தவருக்கு மட்டும் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அப்பாவின் கடைசி நாட்களில் நான்தான் கூட இருந்தேன். ஊசி போட வந்த நேர்ஸிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் சின்னனிலயே ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சவன்" என்றார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அன்றைக்கு அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.