பூத்திருந்த செடியை அக்கா மாற்றி வைத்த நாள்

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. காக்ஸ் டவுனில் அவரை டீச்சராக அறிந்தவர்கள் ஏராளம். வீட்டுக்குள் அறிந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் நான் ஒருத்தி, அவருடைய ஒரே தங்கை. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இதே காக்ஸ் டவுனில், எங்கள் சபைக் கோவிலுக்குப் பின்தெருவிலுள்ள ஓட்டு வீட்டில். அப்பா கண்டோன்மெண்டில் ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தார். நான் பிறந்த சில மாதங்களில் அம்மா காலமானார். அன்றிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர் அக்காதான். பிறகு மதராசுக்குப் போய் டீச்சர் டிரெயினிங் முடித்துத் திரும்பி, மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கும் தையலும் கற்பித்தார். குரலை உயர்த்த மாட்டார். ஆனாலும் அவர் வகுப்பில் சத்தம் இராது.

முப்பது வயதைக் கடந்த பிறகே அவருக்குத் திருமணம் நடந்தது. அத்தான் பர்மாவில் ஒரு மரக் கம்பெனியில் வேலை பார்த்தார். அப்போது அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்ததால் அக்காவால் அவருடன் ரங்கூனுக்குப் போக முடியவில்லை. அத்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். சேர்த்துப் பார்த்தால் அவர்கள் ஒன்றாக வாழ்ந்தது மிகக் கொஞ்ச காலம்.

கடைசியாக வந்தபோது அத்தான் ஈரச் சாக்கில் சுற்றி ஓர் ஆர்கிட் செடியைக் கொண்டுவந்தார். பர்மாக் காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் வகை. கப்பலிலும் ரயிலிலும் அதை மடியைவிட்டு இறக்கவில்லையாம். பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்தொட்டி ஒன்றை வாங்கி, கரித்துண்டும் செங்கல் துண்டும் தேங்காய் நாரும் இட்டு, தம் கையாலேயே நட்டு, பின்கட்டு ஜன்னலருகே தொங்கவிட்டார். நார் மக்கிவிட்டால் வேர் அழுகும், ஆகவே அடுத்த லீவில் வந்து தொட்டி மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த லீவுக்குள் யுத்தம் ரங்கூனுக்கு வந்துவிட்டது. குண்டு விழுந்ததும் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மலை வழியே அஸ்ஸாமை நோக்கி நடந்ததை இதைப் படிக்கிற பலர் அறிவீர்கள். நடந்தவர்களில் அத்தானும் ஒருவர். பல மாதங்கள் தகவலே இல்லை. பின்பு அதே கம்பெனியில் வேலை பார்த்த வேலூர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். முன்னறையில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைத் தொடாமலே சொன்னார். வழியில் அத்தானுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. தூக்கி நடக்க யாருக்கும் தெம்பில்லை. ஆற்றோரக் கொட்டகை ஒன்றில் மற்ற நோயாளிகளோடு படுக்க வைத்துவிட்டு வந்தார்கள். பின்னால் வந்த கூட்டம் பார்த்தபோது அந்தக் கொட்டகையில் ஒருவரும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க கடைசியா பாக்கும்போது எதாச்சும் சாப்பிட்டாரா?"

"கொஞ்சம் கஞ்சி குடிச்சாரும்மா" என்றார் அவர். அக்கா தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இறந்ததைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. எனவே அக்கா காத்திருந்தார். ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயா பிரயாணத்திலிருப்பவர்களுக்காக ஜெபிக்கும்போது அத்தான் பெயரையும் சொல்வார். யுத்தம் முடிந்தும் அந்தப் பெயர் அதே ஜெபத்தில் தொடர்ந்தது. அந்த வருஷங்களில் அக்கா இருந்த தனிமையைச் சொல்வது எனக்குக் கடினம். சபையில் விதவைகள் தனியாகக் கூடுவார்கள், அங்கே அவருக்கு இடமில்லை. கல்யாண வீடுகளில் சுமங்கலிகளை முன்னே அழைக்கும்போது, அவரை அழைப்பதா வேண்டாமா என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் பிறருக்குத் தர விரும்பாமல் அவரே போவதை நிறுத்திக்கொண்டார். அதற்குள் அப்பாவும் போய்விட்டார். எனக்குக் கல்யாணமாகி நான் கோலார் தங்கவயலில் இருந்தேன். பள்ளி விட்டு வந்தால் அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒருவர் மட்டும். செடியை மட்டும் யாரையும் தொடவிட மாட்டார். தண்ணீர் தெளிப்பார், இலையைத் துடைப்பார். தொட்டியை மாற்றச் சொன்னால், உன் அத்தான் வந்து மாற்றுவார் என்பார்.

யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம், லெந்து நோன்பு நாட்களில் நான் வந்து அவரோடு தங்கியிருந்தேன். அப்போதுதான் அந்தச் செடி முதன்முறையாகப் பூத்தது. வெள்ளை இதழ்கள், நுனியில் ஊதா. இலையுதிர்ந்த தண்டு நெடுகப் பூ. அக்கா காலையில் எழுந்ததும் ஜன்னலருகே போய் நிற்பார். பள்ளிக்குப் புறப்படுமுன் இன்னொரு முறை நிற்பார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தண்டின் அடி கறுத்திருப்பதைக் கண்டார்.

அடுத்த வீட்டு மெர்சி அம்மாவுக்கு இவ்வகைச் செடிகளில் நல்ல பழக்கம். அவரை அழைத்து வந்தோம். பூத்திருக்கும்போது தொட்டி மாற்றவே கூடாது, செடிக்கு இரட்டைப் பாரம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு அடியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பூ உதிர இன்னும் மூணு நாலு வாரமாகும் டீச்சர். அதுவரைக்கும் இது தாங்காது. காப்பாத்தணும்னா பூவை வெட்டிட்டு இப்பவே மாத்தணும். அப்பவும் பொழைக்கும்னு சொல்ல மாட்டேன்."

அவர் போன பிறகு அக்கா தையல் பெட்டியைத் திறந்தார். கத்தரிக்கோலை எடுத்து அடுப்பில் வாட்டி ஆறவைத்தார். செடியருகே வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"அவரு வர மாட்டாரு இல்ல?"

அத்தனை வருஷத்தில் அவர் இதை யாரிடமும் கேட்டதில்லை.

"வர மாட்டாருக்கா" என்றேன்.

"ம்" என்றார். பிறகு பூத்தண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி என் கையில் கொடுத்தார்.

வேர்கள் தொட்டியோடு ஒட்டியிருந்ததால் அதை உடைக்க வேண்டியிருந்தது. சின்னச் சுத்தியலால் அக்காவே தட்டினார். அத்தான் இட்ட நார் கறுத்துக் கூழாகியிருந்தது. அதைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிரித்து எடுத்தார். அழுகிய வேர்களை வெட்டி நீக்கியபின், விறைப்பாக மிஞ்சியவை ஒரு பிடிகூட இல்லை. வெட்டிய இடங்களில் கரித்தூள் தடவினார். புதுத் தொட்டியில் கழுவிய கரியும் செங்கல்லும் இட்டு, செடி தானாக நிற்காததால் குச்சி ஊன்றித் துணிநாடாவால் கட்டினார். நாடாவை முடிச்சிடும்போதுதான் அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மாலையில் பூக்களைப் பித்தளைச் செம்பில் வைத்து எடுத்துக்கொண்டு இருவரும் கோவிலுக்குப் போனோம். அவற்றைப் பீடத்தில் வைத்துவிட்டு அக்கா போதகர் ஐயாவிடம் பேசினார்.

"ஐயா, நாளைக்கு அவரு பேரை மாத்திச் சொல்லணும்."

ஐயாவுக்குப் புரியவில்லை. "எப்படிம்மா?"

"பிரயாணத்துல இருக்கறவங்களோட வேணாம். போய்ச் சேந்தவங்களோட சொல்லுங்க."

மறுநாள் அப்படியே சொல்லப்பட்டது. ஆராதனை முடிந்ததும் விதவைப் பெண்கள் சிலர் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா அவர்களோடு சிறிது நேரம் நின்றார். ஆனாலும் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, வீடு முன்பைவிட வெறுமையாக இருப்பதாகச் சொன்னார். காத்திருப்பதாவது துணையாக இருந்தது, இப்போது அதுவும் இல்லை என்றார்.

செடி செத்துவிடவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அசையாமல் நின்று, பிறகு அடியில் ஒரு முளை விட்டது. அக்கா இருந்தவரை அது மறுபடி பூக்கவில்லை. இப்போது மெர்சி அம்மாவிடம் இருக்கிறது.

சென்ற ஆண்டு மழையில் பிடித்த சளி மார்பில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் பத்து நாட்களுக்குமேல் சிரமப்பட்டு, ஒரு விடியற்காலையில் அமைதியாகப் போனார். அந்நாட்களில் மாறி மாறி உடனிருந்த பள்ளி ஆசிரியைகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த மெர்சி அம்மாவுக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும், வெளியூர்களிலிருந்து வந்திருந்த பழைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

ஆண்டு நினைவு ஜெபத்துக்காகக் கல்லறைக்கு வரும் உறவினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்கா விருப்பப்படி கல்லில் இருவர் பெயரையும் பொறித்திருக்கிறோம். அத்தான் பெயருக்குக் கீழே இறந்த நாளுக்கான இடம் வெறுமையாக இருக்கும். கல் செதுக்கியவர் மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். அந்த நாள் எங்கள் யாருக்கும் தெரியாது.