செல்வராணி அக்காவின் கயிறு

தம்புள்ளையில் ஒரு புதுவீட்டு முற்றத்தை அளந்துகொண்டிருந்தபோது, எங்கள் நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. செல்வராணி அக்கா காலமாகிவிட்டார். மாரடைப்பு. செய்தியைப் போட்டவர் முதலாளி. "எமது நிறுவனத்தின் ஆணிவேர் சாய்ந்தது" என்று எழுதியிருந்தார். ஆணிவேர் என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். வளர்ந்த மரங்களைத் தோண்டி இடம் மாற்றும்போது நாங்கள் தப்பாமல் வெட்டுவது அதைத்தான்.

இதைப் படிப்பவர்களில் பலர் அக்காவை அறிவீர்கள். மாத்தளையில் வீடு கட்டி, வாசலுக்கு அழகாக ஒரு பெரிய மரம் வேண்டுமென்று எங்கள் நாற்றுமேடைக்கு வந்தவர்கள் நீங்கள். உங்கள் முற்றத்தில் முளை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, அவர் வட்டமாக நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் நான்கு முடிச்சுகள் இருந்தன. முதல் முடிச்சு சின்ன மரமான அரலியாவுக்கு, அடுத்தது கொன்றைக்கு, மூன்றாவது இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கும் ரொபரோசியாவுக்கு. கடைசி முடிச்சு, தூங்குமூஞ்சி என்று சொல்வோமே, அந்த மழைமரத்துக்கு. மரம் முழுதாக வளர்ந்தால் அதன் கிளை எட்டும் தூரம் அது. நடந்த வழியெல்லாம் உமியைத் தூவிவிட்டு, "இவ்வளவும் ஒரு நாள் மரம். உள்ளுக்கு என்னென்ன நிக்குதுன்னு பாருங்க" என்பார். தண்ணீர்த் தாங்கி நிற்கும். பக்கத்து வீட்டுக் கூரை நிற்கும். சில இடங்களில் அடுப்போடு சேர்த்துக் குசினி முழுவதும் நிற்கும்.

பல்லேபொலவில் ஒரு மரக்கறி வியாபாரியின் வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். வரைபடம் வரைவது என் வேலை. அவர் ரொபரோசியாதான் வேண்டுமென்று நின்றார். பூக்கும் காலத்தில் ஊரே நின்று பார்க்க வேண்டுமாம். அக்கா வட்டம் போட்டு முடித்தபோது வீட்டின் பாதி அதற்குள் இருந்தது.

"என்னங்கக்கா, கயிறு நீளம் கூடிப்போச்சு போல."

"கயிறு சரியாத்தாங்க இருக்கு. வீடுதான் கூடிப்போச்சு."

"நான் மரம் வாங்க வந்தேனா, வீட்ட ஒடைக்க வந்தேனா?"

"ரெண்டையும் ஒன்னா கேட்டீங்களேன்னுதான் வட்டம் போட்டுக் காட்டுறேன்."

அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வியாபாரிக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் எங்களிடம் எதுவும் வாங்காமல் வேறோர் இடத்தில் அதே மரத்தை வாங்கி நட்டார். இப்போது அந்த வேர்கள் முற்றத்து இன்டர்லொக் கற்களைத் தூக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அக்காவின் செத்த வீட்டில் அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அக்காவைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அந்த வியாபாரம் கைவிட்டுப் போனதற்கு மறுநாள் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

"செல்வராணி, அந்தக் கயிற பாதியா வெட்டு. ஆக்கள் பயந்துட்டு ஓடுறாங்க."

"கயித்த வெட்டலாங்க. மரம் கேக்காதே."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவரை வீடுகளுக்கு அனுப்பவில்லை. பின்னால் உள்ள கொட்டிலில், கன்றுப் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை கொடுத்தார்கள். இறக்கும்வரை அந்த வேலைதான். கயிற்றைக் கொட்டில் ஆணியில் மாட்டிவைத்திருந்தார். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்து, "மாடு கட்டவா அக்கா?" என்று கேலி செய்வார்கள். "ஆமாடா. மாடு கெடைக்கல்ல, நீ வாறியா?" என்பார். அவருடைய கோபம் பெரும்பாலும் அப்படித்தான் வெளியே வந்தது. "மரத்த வெட்டுறவங்கள நான் திட்டமாட்டேன் தங்கச்சி. எடம் பாக்காம நட்டவங்களத்தான் திட்டுவேன்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அன்று நான் ஒரு கேள்வி கேட்டேன். உங்களுக்கென்று ஒரு மரம் வைப்பதானால் எதை வைப்பீர்கள்?

மண் நிரப்பிக்கொண்டே பதில் சொன்னார். "தேயிலத் தோட்டத்து லயத்துல, ஒத்த அறையில பொறந்தேன். இப்ப இருக்குறது வாடக வீடு. நான் எங்க போய் வட்டம் போட?" பிறகு, கேட்காமலே, "மழமரம்" என்றார். "வைக்கிறதுன்னா கடைசி முடிச்சுதான் வைக்கணும்."

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அடுத்த வாரம் அவர் பெயரில் ஒரு மரம் நடுவதென்று முதலாளி முடிவு செய்தார். அக்காவின் ஆசையை அவரிடம் சொன்னது நான்தான். நாற்றுமேடைக்குப் பின்னால் வெறுங்காணி கிடக்கிறதே, அங்கே நடுவார்கள் என்று நம்பினேன். போய்ப் பார்த்தால், காரியாலயத்தின் முன்மதிலுக்கும் ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கானுக்கும் நடுவில், மின்கம்பிக்கு நேர்கீழே குழி தோண்டியிருந்தது. பெயர்ப்பலகை ரோட்டைப் பார்த்து இருந்தது.

கொட்டில் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். "ஒருக்கா சுத்திப் பாத்துட்டு நடுவமா, சேர்?"

"இன்னைக்கு வேணாம்மா. ஆக்கள் நிக்கிறாங்க, ஃபோட்டோ எடுக்கணும்."

கட்டிப் பார்க்கவும் தேவையில்லை. நான்காவது முடிச்சு ஒரு பக்கம் கணக்காளரின் மேசையைத் தாண்டும். மறுபக்கம் பஸ் ஓடும் ரோட்டின் நடுவுக்குப் போகும். "அவரைப் போலவே நிழல் தரும் மரம்" என்று முதலாளி பேசினார். கைதட்டினார்கள். வாழ்நாளெல்லாம் வட்டம் போட இடமில்லாதவருக்குக் கிடைத்த ஒரே மரத்துக்கும் வட்டம் போட இடமில்லை.

கன்று இப்போது துளிர்விட்டிருக்கிறது. பட்டுப்போயிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இனி அது கம்பியை எட்டும். ஆட்கள் வந்து தலையை வெட்டுவார்கள். மறுபடி தழைக்கும், மறுபடி வெட்டுவார்கள். அக்காவின் பெயர்ப்பலகை அதற்குக் கீழேயே இருக்கும். வெட்டுகிறவர்களை நான் திட்டமாட்டேன்.

கயிற்றை நான் கொட்டிலில் திருப்பி மாட்டவில்லை. என் மேசை லாச்சியில் இருக்கிறது. பெரிய மரம் வேண்டுமென்று யாராவது கேட்டால் வரைபடத்துக்கு முன்னால் லாச்சியை இழுத்து அதைத்தான் எடுக்கிறேன். போன வாரம் முதலாளி அதைக் கண்டுவிட்டு, இன்னும் வெட்டவில்லையா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.